‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதற்கு என்ன சான்று? குழந்தைகளின் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய முயன்ற வரலாறு

(நீண்ட பதிவு. நான் மருத்துவர் அல்லேன். மொழியியல் படித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவள். கீழே உள்ளது வரலாறு மட்டுமே. மருத்துவ அறிவுரையாக யாரும் கொள்ள வேண்டாம்.)

கடந்த மழைக்காலத்தில், ஐதராபாத்தில் வசிக்கும் என் அக்காவின் பதினொரு மாதப் பெண் குழந்தைக்கு முதன்முறையாக அவித்த முட்டையை மசித்து ஊட்டினார்கள். பத்து நிமிடங்களுக்குள் உதடு வீங்கியது. கழுத்திலும் மார்பிலும் தடிப்புகள் எழுந்தன. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாலைக்குள் எல்லாம் வடிந்துவிட்டது. தொலைபேசியில் செய்தி கேட்ட அம்மா, “முட்டை சேரல, நிறுத்திடு” என்றார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார் அதையே “படது” என்ற ஒற்றைச் சொல்லில் முடித்தார். இரண்டு நாள் கழித்து, ஒரு பரிசோதனை நிலையத்தின் ‘ஒவ்வாமைத் தொகுப்பு’ என்ற விளம்பரத்தைக் கண்ட அத்தான், குழந்தையின் இரத்தத்தைக் கொடுத்து நாற்பதுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கான அறிக்கையை வாங்கி வந்தார். அதில் ஏழு உணவுகளுக்கு எதிரே சிவப்புக் கோடு: முட்டை வெள்ளைக்கரு, பசும்பால், கோதுமை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, உளுந்து, கத்தரிக்காய்.

அன்றோடு அந்த ஏழும் வீட்டை விட்டு வெளியேறின. இட்லி போயிற்று, தயிர் போயிற்று, சப்பாத்தி போயிற்று. நான்கு மாதங்களில் குழந்தையின் எடை ஏறவே இல்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த அறிக்கை வருவதற்கு முதல் நாள் காலைவரை அக்குழந்தை இட்லியும் தயிரும் தின்று நன்றாகத்தான் இருந்தது. “ஆராய்ச்சி பண்ற ஆள்தானே நீ, இதுக்கு என்ன அர்த்தம்னு படிச்சுச் சொல்லு” என்று அக்கா அறிக்கையை என் கையில் திணித்தாள். அறிக்கையை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆகவே அத்தகைய அறிக்கை ஒன்று எப்படித் தோன்றியது என்பதைப் படிக்கத் தொடங்கினேன். தட்டில் நிகழ்ந்ததைக் காட்டிலும் தாளில் அச்சாகியிருப்பது எப்போதிலிருந்து வலுவான சான்றாயிற்று என்பதே என் கேள்வி.

என் துறைக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குகிறேன். தமிழில் நாம் ‘பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை’ என்கிறோம். தெலுங்கில் ‘படது’, மலையாளத்தில் ‘பிடிக்கில்ல’, கன்னடத்தில் ‘ஆகல்ல’. நான்கிலும் வாக்கிய அமைப்பு ஒன்றே. உணவு எழுவாய், உண்பவர் நான்காம் வேற்றுமை, வினை எதிர்மறை. இரு தரப்புக்கும் இடையே ஒன்று நிகழாமற் போயிற்று என்பதே இவ்வாக்கியங்கள் தரும் செய்தி. பிழை யாருடையது என்று அவை தீர்ப்புச் சொல்வதில்லை. ‘ஒவ்வாமை’ என்ற நம் கலைச்சொல்லும் ‘ஒவ்வு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த எதிர்மறைத் தொழிற்பெயரே. இந்தியின் கலைச்சொல்லான ‘பிரத்யூர்ஜதா’ இந்த மரபைச் சார்ந்ததன்று. அது ஐரோப்பியச் சொல்லின் உறுப்புகளை ஒட்டிச் சமஸ்கிருதத்தில் புனையப்பட்டது. (தெருவில் அதைச் சொல்பவர் எவரையும் நான் கண்டதில்லை. அங்கும் ‘அலர்ஜி’தான்.) தோல் தடிப்புக்குத் தமிழ் ஊர்களில் வழங்கும் ‘காணாக்கடி’ என்ற பெயர் இன்னும் சுவையானது. கண்ணுக்குப் படாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்பது அதன் பொருள். காரணம் தெரியவில்லை என்ற நிலையே அங்கு நோயின் பெயராக நிற்கிறது.

‘அலர்ஜி’ என்ற சொல்லை ஆக்கியவர் ஒரு குழந்தை மருத்துவர். வியன்னாவின் க்ளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் மியூனிக் மருத்துவ வார இதழில் வெளியிட்ட மிகச் சிறிய கட்டுரையில் அது முதன்முறையாக இடம்பெற்றது. ‘வேறு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் ‘செயல்’ என்று பொருள்படும் சொல்லையும் இணைத்தார். அப்போது அவர் முன்னிருந்தது உணவுச் சிக்கல் அன்று. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் ஆகிய நோய்கள் கண்ட குழந்தைகளுக்குக் குதிரைச் சீரம் ஊசியாகச் செலுத்தப்பட்டு வந்தது. உயிர் காக்க ஏற்றப்பட்ட அந்தச் சீரமே ஒன்றிரண்டு வாரங்களில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலையும் தடிப்பையும் மூட்டுவலியையும் தந்தது. இரண்டாம் முறை ஏற்றியபோது இவை முன்னிலும் விரைவாகத் தோன்றின. பிர்கேயும் அவருடைய இளைய சகாவான பேலா ஷிக்கும் இதனைக் குழந்தைக்குக் குழந்தை, நாளுக்கு நாள் குறித்துவைத்து 1905இல் ‘சீர நோய்’ பற்றித் தனி நூலாக வெளியிட்டனர். ஒரு பொருளை ஒருமுறை சந்தித்த உடல், மறுமுறை அதே உடலாக இருப்பதில்லை. அதன் எதிர்வினைத் திறன் மாறியிருக்கிறது. அம்மாற்றம் காப்பாகவும் அமையலாம், கேடாகவும் அமையலாம். இரண்டையும் ஒரே குடைக்கீழ் நிறுத்த நன்மை தீமைச் சாயல் இல்லாத ஒரு சொல் வேண்டும் என்பதே பிர்கேயின் நோக்கம். இன்று அச்சொல் கேட்டை மட்டுமே குறிக்கிறது. மொழியியலில் பொருட்சுருக்கத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

இதற்குச் சற்று முன்னரே பிரான்சில் ஷார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேயும் கடற்சாமந்தியின் நச்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்திருந்தனர். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரங்களுக்குப் பின் அதைவிடக் குறைந்த அளவிலேயே நிமிடங்களில் இறந்தது. பழக்கம் காப்பளிக்கும் என்ற எதிர்பார்ப்பு தலைகீழாயிற்று. காப்புக்கு எதிரானது என்ற பொருளில் ‘அனாஃபிலாக்ஸிஸ்’ என்று 1902இல் பெயரிட்டனர். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

உணவு சிலருக்குக் கேடு செய்யும் என்பது இவர்களுக்கு முன்பே தெரிந்ததுதான். பாலாடைக்கட்டி சிலருக்கு வலுவும் சிலருக்குத் துன்பமும் தருவதைக் கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் மரபு நூல் பேசுகிறது. ஆயுர்வேதம் சாத்மியம், அசாத்மியம் என்று பிரித்தது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உடலோடு மாறுபடாத உணவைப் பேசுகிறது. ஆனால் அங்கெல்லாம் அறிவதற்கு ஒரே வழிதான் இருந்தது: உண்டு பார்ப்பது. உண்ணாமலேயே அறிந்துவிடலாம் என்ற ஆசை இருபதாம் நூற்றாண்டினுடையது. அந்த ஆசையின் வரலாற்றில் முதல் நாயகன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன்.

நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஆஸ்கர் ஷ்லாஸ் 1912இல் அச்சிறுவனைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். முட்டை, வாதுமை, ஓட்ஸ் ஆகிய மூன்றும் அவனுக்குத் தடிப்பையும் வீக்கத்தையும் தந்தன. பிறந்த பத்தாம் நாளில் அவனுக்கு முட்டை கொடுக்கப்பட்டது, எதுவும் நேரவில்லை. அடுத்த முறை பதினான்காம் மாதத்தில் கொடுத்தபோது வாய் வீங்கியது. இத்தகவல்களை மருத்துவருக்குச் சொன்னது வீட்டாரின் நினைவு. ஷ்லாஸ் அந்த நினைவை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் சென்றார். சிறுவனின் தோலை மெல்லக் கீறி, ஒவ்வோர் உணவாக அதன்மேல் தேய்த்தார். வீட்டார் குறிப்பிட்ட உணவுகள் பட்ட இடங்களில் தோல் தடித்தது. மற்ற இடங்கள் சும்மா இருந்தன. அத்தோடு நிற்காமல், முட்டை வெள்ளைக்கருவின் புரதங்களைத் தனித்தனியே பிரித்துச் சோதித்து, ‘ஓவோமுகாயிட்’ என்னும் புரதத்துக்கு எதிர்வினை வலுவாக இருப்பதைக் கண்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் வரும்.

தோலைக் கீறிப் பார்ப்பது ஷ்லாஸின் கண்டுபிடிப்பு அன்று. மான்செஸ்டரின் சார்ல்ஸ் பிளாக்லி, மகரந்தத்தால் வரும் தும்மல் நோயை ஆராய்ந்து 1873இல் வெளியிட்ட நூலில், தன் தோலிலேயே அதைச் செய்து பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் உணவுக்கும் குழந்தைக்கும் அதை முறையாகக் கொண்டுவந்தவர் ஷ்லாஸ். நான் அழுத்த விரும்புவது அவர் கையாண்ட வரிசையை. முதலில் வீட்டாரின் சாட்சியம், பிறகு தோல். தோல் தந்த விடை, ஏற்கெனவே எழுப்பப்பட்டிருந்த கேள்விக்கான விடை. அடுத்த பத்தாண்டுகளில் இந்த வரிசை கலைந்தது. மருந்து நிறுவனங்கள் உணவுச் சாறுகளை வரிசை வரிசையாகத் தயாரித்து விற்றன. கேள்வி ஏதுமின்றியே ஒரு முதுகில் பத்து, இருபது, ஐம்பது எனக் கீறல்கள் விழுந்தன. கேட்காத கேள்விகளுக்கெல்லாம் தோல் விடை சொல்லத் தொடங்கியது.

1921இல் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்) நடந்த ஒரு சோதனை இதை இன்னொரு தளத்துக்கு நகர்த்தியது. ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய சீரத்தில் சிறிதளவைக் கார்ல் பிராவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலுக்குள் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றிக்கொண்டார். மீனால் எத்தொல்லையும் இல்லாத அவர் தோலில், அந்த இடத்தில் மட்டும் தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைத் தாங்கிச் செல்லும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது, அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றவும் முடியும் என்பது அன்று உறுதியாயிற்று.

குழந்தை மருத்துவத்தில் இதன் பின்விளைவு வியப்பானது. கரப்பான் படர்ந்து கீறுவதற்குத் தோலே மிஞ்சாத கைக்குழந்தைகள் உண்டு. அத்தகைய குழந்தையின் சீரத்தை எடுத்து, வீட்டாரில் ஒருவரின் கையிலோ முதுகிலோ பல இடங்களில் செலுத்தி, மறுநாள் அவ்விடங்களில் உணவுச் சாறுகளைச் சோதித்தனர். தாயின் கையில் எழும் தடிப்பு, குழந்தைக்கு ஆகாத உணவைச் சொல்லும். இரத்தத்தின் வழியே கல்லீரல் அழற்சி பரவும் என்பது தெளிவான பிறகு இந்த முறை கைவிடப்பட்டது. அது முற்றிலும் மறையும் முன் 1928இல் ப்ருனர், வால்சர் என்னும் இருவர் அதைத் திருப்பிப் பயன்படுத்தினர். மீன் ஒவ்வாதவரின் சீரத்தை நலமானவர்களின் தோலில் செலுத்திவிட்டு, அவர்களுக்கு மீனை உண்ணக் கொடுத்தனர். உண்ட சிறிது நேரத்தில் பெரும்பாலோரின் தோலில் அந்த இடம் தடித்தது. உணவுப் புரதம் முழுதும் செரிக்காமலே குடலைக் கடந்து தோல்வரை வந்துசேர்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று அன்று இல்லை.

சொற்களில் ஆர்வமுள்ளோர்க்கு ஓர் இடைக்குறிப்பு. 1923இல் ஆர்தர் கோக்காவும் ராபர்ட் குக்கும் குடும்பவழி வரும் இவ்வகை ஒவ்வாமைக்குப் பெயர் தேடியபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் எட்வர்ட் பெரியை அணுகினர். அவர் தந்த சொல் ‘ஏட்டோப்பி’: இடமற்றது, விநோதமானது. எந்த வகைப்பாட்டிலும் அடங்காத நோய்க்கு இடமற்றது என்றே பெயர் வைத்த அந்தப் பேராசிரியர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

தோல் சொல்வதை நம்ப மறுத்த மருத்துவரும் இருந்தனர். கலிபோர்னியாவின் ஆல்பர்ட் ரோ, தோற் சோதனையில் எதுவும் தெரியாமலே உணவால் துன்புறுவோர் பலர் என்றார். அவர் வகுத்தது விலக்குணவு முறை. ஆகாதென ஐயுறும் உணவுகள் அனைத்தையும் நிறுத்தி, மிகச் சில உணவுகளில் மட்டும் நோயாளியை வைத்து, அறிகுறிகள் அடங்கிய பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. 1931இல் வெளியான அவருடைய நூல் இதற்கு அடிப்படை. முறை எளியது, உண்டு பார்ப்பதன் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவம். ஆனால் அதில் பாதியைச் செய்பவர் பலர், மறுபாதியைச் செய்பவர் சிலர். நிறுத்துவது எளிது, திரும்பச் சேர்க்க அஞ்சுவோம். என் அக்கா வீட்டில் நடந்ததும் இந்தப் பாதி முறைதான். கோக்கா பிற்காலத்தில் உண்டபின் நாடித்துடிப்பு ஏறினால் அது ஒவ்வாமை என்று ஒரு சோதனையைப் பரப்பினார். மாடிப்படி ஏறினாலும் நாடி ஏறும். இத்தகைய முறைகள் பெருகப் பெருக, குழந்தை மருத்துவர்களில் ஒரு பெரும்பகுதியினர் உணவு ஒவ்வாமை என்ற பேச்சையே ஐயத்தோடு பார்த்தனர். தாய்மார்களின் பதற்றம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இதனால் இழந்தவர்கள் உண்மையாகவே ஒவ்வாமை இருந்த குழந்தைகள்.

ஐயத்தை அகற்றும் வழி, உண்டு பார்ப்பதையே கடுமையாக்குவதாக அமைந்தது. மேரி லவ்லெஸ் 1950இல் பாலை வேறு உணவில் மறைத்துக் கொடுத்துப் பார்த்தார். ஆர்மண்ட் கோல்ட்மனும் சகாக்களும் 1963இல் பால் ஒவ்வாமைக்கு ஓர் அளவுகோல் வைத்தனர்: பாலை நிறுத்தினால் அறிகுறி மறைய வேண்டும், மீண்டும் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும், இவ்வாறு மூன்று முறை நிகழ வேண்டும். தர்க்கம் கச்சிதம்தான். ஆனால் அந்த மூன்று முறையும் படுக்கையில் கிடப்பது குழந்தை. கடும் எதிர்வினை கண்டவர்களிடம் இதை மறுமுறை செய்வது பேரிடர் என்பதால் இந்த அளவுகோல் பின்னர் தளர்ந்தது. 1976இல் டென்வரின் சார்ல்ஸ் மே, ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு உணவை உறைமாத்திரைக்குள் அடைத்துக் கொடுத்தார். எது உணவு, எது போலி என்பது குழந்தைக்கும் தெரியாது, பார்த்துக் குறிப்பவருக்கும் தெரியாது. இந்த இருபுற மறைப்புச் சோதனையே இன்றும் இத்துறையின் இறுதித் தீர்ப்பாயம். மே பரிசோதித்த குழந்தைகளில், ஆகாது என்று சொல்லப்பட்ட உணவுகள் பல, மறைத்துக் கொடுத்தபோது எத்தீங்கும் செய்யவில்லை. தோல் தடித்த உணவுகளிலும் பல அப்படியே.

மேயின் சகாவான ஆலன் பாக் செய்த பணி எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அது நோயாளிகளிடமிருந்து தொடங்கவில்லை. 480 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை அவர் பின்தொடர்ந்தார். 1987இல் வெளியான முடிவு: 28 விழுக்காட்டுக் குழந்தைகளின் பெற்றோர் ஏதோ ஓர் உணவு ஆகவில்லை என்றனர், சோதனையில் உறுதியானது 8 விழுக்காடு. உறுதியானவற்றிலும் பெரும்பாலானவை மூன்று வயதுக்குள் தாமே மறைந்தன. தாய்மார் மிகைப்படுத்துகிறார்கள் என்பதற்கு இந்த எண்களை மேற்கோள் காட்டுவோரைக் கண்டிருக்கிறேன். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பேச்சு வராத ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டு, தற்செயலாகச் சேர்ந்த இரண்டு நிகழ்வுகளைக் காரணமும் விளைவுமாக ஐயுறுவது தவறன்று. அந்த ஐயம் இல்லாவிடில் 8 விழுக்காட்டினரும் கண்டறியப்பட்டிருக்க மாட்டார்கள். ஐயத்தைச் சோதித்துத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஒரு வழி பெற்றோர்க்குக் கிடைத்ததா என்பதையே கேட்க வேண்டும்.

இதற்கிடையே பிராவுஸ்னிட்ஸ் தேடிய ‘ஏதோ ஒன்று’ கிடைத்துவிட்டது. டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதியர் 1966இல் அதனைப் புதியதோர் எதிர்ப்பான் என்று அறிவித்தனர். அடுத்த ஆண்டு ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் வேறு வழியில் அதே இடத்தை அடைந்தனர். 1968இல் லோசானில் கூடிய உலக நலவாழ்வு அமைப்பின் கூட்டத்தில் அதற்கு ஐஜிஇ என்ற பெயர் ஏற்கப்பட்டது. அதை இரத்தத்தில் அளக்கும் முறை உடனே வந்தது. 1970களில் அது வணிகப் பொருளாயிற்று. இனி முதுகும் வேண்டாம், தாயின் கையும் வேண்டாம். ஒரு குழாய் இரத்தம் போதும்.

என் அக்கா கையிலிருந்த அறிக்கை இந்த மரபின் வழித்தோன்றல். அது அளப்பது ஒன்றே: இந்த உணவின் புரதத்தோடு பிணையக்கூடிய ஐஜிஇ இவ்விரத்தத்தில் எவ்வளவு என்பது. அதாவது உடல் அப்பொருளை அடையாளம் கண்டு எதிர்ப்பானை ஆக்கி வைத்திருக்கிறது என்ற செய்தி. இதனை உணர்வேற்றம் எனலாம். உணர்வேற்றம் உள்ள உடல் அவ்வுணவை உண்டு நலமாகவே இருக்கலாம். பல வேளைகளில் புல்லின் மகரந்தத்துக்காக உண்டான எதிர்ப்பானே உருவொத்த கோதுமைப் புரதத்தோடும் பிணைகிறது. தாளில் சிவப்புக் கோடு விழுகிறது. எண் பெரிதாகப் பெரிதாக ஒவ்வாமைக்கான வாய்ப்பு கூடுமே தவிர, உண்ட வரலாற்றை ஒதுக்கிவிட்டு எண் மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. (ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பானை அளந்து ‘உணவு ஏற்பின்மை’ அறிக்கை விற்பவர்களும் உளர். அவ்வெதிர்ப்பான் அவ்வுணவை உண்டிருக்கிறோம் என்பதற்கான தடயமே. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008இலேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டது.)

இந்தியாவில் இந்த இடைவெளி எத்துணைப் பெரிது என்பதைக் கர்நாடகத்தில் நடந்த ஆய்வு காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவுடன் பல நாடுகளில் நடந்த திட்டத்தின் பகுதியாகப் பெங்களூரு, மைசூரு வட்டாரங்களில் வயதுவந்தோரிடம் அது நடத்தப்பட்டது. முடிவு 2016இல் வெளிவந்தது. ஏதேனும் ஓர் உணவுக்கு உணர்வேற்றம் உடையோர் 26.5 விழுக்காடு. அறிகுறியும் சோதனையும் ஒரே உணவைச் சுட்டி, ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டோர் 1.2 விழுக்காடு. அதே திட்டத்தில் 6 முதல் 11 வயதுவரையிலான பள்ளிக் குழந்தைகளில் இந்த இரண்டாம் எண் 0.14 விழுக்காடு மட்டுமே. இம்மக்கள்தொகையில் வரலாறு கேளாமல் நாற்பது உணவுகளை ஒருசேரச் சோதித்தால், சிவப்புக் கோடுகள் விழாமல் இருந்தால்தான் வியப்பு.

கத்தரிக்காய் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்களில் அது கரப்பான் பண்டம். தோல் நோய்க்குப் பத்தியத்தில் முதலில் விலக்கப்படுவது. மைசூரு ஆய்வாளர்கள் அதைத் தனியே ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். உண்மையான ஐஜிஇ ஒவ்வாமையும் சிலரிடம் உண்டு. ஆனால் கத்தரிக்காயில் இயல்பாகவே உள்ள ஹிஸ்டமின் போன்ற சேர்மங்களும் அரிப்பைத் தரக்கூடும். பாட்டிமார் கண்டது மெய். அதற்குக் காரணம் ஒன்றல்ல.

விலக்கிவைப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு மேலைநாடுகளே ஒருமுறை பெரும் விலை கொடுத்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000இல், ஒவ்வாமைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை கொடுக்க வேண்டாம் என்றது. 2008இல் அதற்குச் சான்றில்லை என்று விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் லண்டனின் கிடியன் லேக் குழுவினர், இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேலியக் குழந்தைகளிடம் இருப்பதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று காட்டினர். இஸ்ரேலில் பல் முளைக்கும் பருவத்திலேயே வேர்க்கடலைத் தின்பண்டம் தருவது வழக்கம். பிறகு 4 முதல் 11 மாதம்வரையிலான 640 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவை 2015இல் வெளியிட்டனர். ஐந்து வயதில், விலக்கி வளர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்து உண்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை இருந்தது. இவர்கள் ஏற்கெனவே கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, இடர் மிக்க குழந்தைகள் என்பதை மறக்கலாகாது. ஆயினும் தாளில் உள்ள கோட்டை நம்பி உண்ணும் உணவை நிறுத்துவது தானே ஒரு தலையீடு, அதற்கும் பின்விளைவு உண்டு என்பது இதன்பின் மறுக்க முடியாததாயிற்று.

இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப நாளைக்கே பால் குடுத்துடவா?” என்றாள். வேண்டாம் என்றேன். நிறுத்திய உணவை நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பக் கொடுக்கையில் எதிர்வினை வலுவாக வரும் நேர்வுகள் உண்டு. அதை வீட்டு அடுக்களையில் வைத்துப் பார்க்கக் கூடாது. மார்கழியில் குழந்தைகளுக்கான ஒவ்வாமை மருத்துவர் ஒருவரைக் கண்டோம். அவர் அறிக்கையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை நிமிடத்தில் தடித்தது? முட்டை அவித்ததா, அரைவேக்காடா? அதற்கு முன் இட்லி எத்தனை முறை தின்றாள்? தயிர் தின்ற அன்று என்ன நடந்தது? அதன்பின்தான் தாளைத் திருப்பினார். பிறகு மருத்துவமனையிலேயே, அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பாலைச் சில துளிகளில் தொடங்கி இருபது நிமிட இடைவெளிகளில் கூட்டிக்கொண்டே போனார்கள். குழந்தை ஒரு கிண்ணம் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். கோதுமைக்கு ஒரு நாள், வேர்க்கடலைக்கு ஒரு நாள், பருப்புகளுக்கு ஒரு நாள். கத்தரிக்காயை அவர் பொருட்படுத்தவே இல்லை.

முட்டை மட்டும் நின்றது. அதற்கு அவர் மேலும் ஒரே ஒரு சோதனை எழுதித் தந்தார்: ஓவோமுகாயிட்டுக்கு எதிரான ஐஜிஇ. 1912இல் ஷ்லாஸ் பிரித்தெடுத்துப் பார்த்த அதே புரதம். நெடுநேரம் வேகவைத்தாலும் எளிதில் சிதையாதது. அதற்கு எதிர்ப்பான் குறைவாக இருந்தால், மாவோடு கலந்து நன்கு சுட்ட முட்டையைக் குழந்தை தாங்கும் வாய்ப்பு மிகுதி. அக்குழந்தைக்கு அளவு குறைவாகவே வந்தது. பங்குனியில் கேக் துண்டோடு மீண்டும் மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அக்கா இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள்: தேதி, உணவு, அளவு, கொடுத்த நேரம், நடந்தது. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதியிருக்கிறாள்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘காணாக்கடி’ உங்கள் ஊரில் வேறு எப்பெயரில் வழங்குகிறது, எந்த உணவோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள் என்பதை மாவட்டத்தின் பெயரோடு பின்னூட்டத்தில் தெரிவித்தால் சேகரித்துக்கொள்வேன். ஆண்டுகளிலோ எண்களிலோ பிழை கண்டால் தயங்காமல் சுட்டுங்கள்.